என்ஜினீயருக்கு ஒரு சாசனம்

செஞ்சியிலிருந்து வடக்கே சிங்கவரத்துக்குப் போகும் பாதையருகே உள்ள திருநாதர்குன்றில், 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கும் பெரும்பாறைக்குச் சமீபத்தில், தமிழ்நாட்டின் மிகப் பழைய நினைவுச் சாசனங்களுள் ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உடலைத் துறந்த இடம் இது என்பதே அச்சாசனம் சொல்லும் செய்தி முழுவதும். அதே குன்றில் பிற்காலத்தில் பொறிக்கப்பட்ட மற்றொரு சாசனம், இளைய பட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்து உயிர் நீத்ததைக் கூறுகிறது. எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் முதற்சாசனத்தை அதன் பழைய வட்டெழுத்துக்காகப் போற்றுவார்கள். நாம் போற்றவேண்டிய குணம் ஒன்று இரண்டிலும் இருக்கிறது. இறந்தவரைப் பற்றி ஒரு புகழ்மொழியேனும் கூறாமல், அவர் யார், என்ன செய்தார், எத்தனை நாள் செய்தார் என்பதை மட்டும் சொல்லி அவை நின்றுவிடுகின்றன. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குக் குறையாத காலம் கடந்தும், முன்பின் அறியாத சந்திரநந்தியின் மனவுறுதி, அவ்வூர் வழியே போகிற ஒருவனைக் கைகூப்பச் செய்கிறதென்றால், அதற்குக் காரணம் அந்த எண்ணிக்கையே அன்றி வேறில்லை.

இதே வட்டாரத்தில் இன்று ஓய்வு பெற்ற என்ஜினீயர் ஒருவர் காலமானால் அவரை நாம் எப்படி நினைவுகூருகிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சுவரொட்டியிலும் பத்திரிகையின் நினைவஞ்சலிப் பத்தியிலும் பதினாறாம் நாள் அச்சிட்டு வழங்கும் நினைவு மலரிலும், பாசமிகு தந்தை, பண்பின் சிகரம், எளிமையின் உருவம் என்ற சொற்கள் வரிசையாக நிற்கும். பெயருக்குப் பின்னால் பட்டமும், ‘பொதுப்பணித் துறை (ஓய்வு)’ என்ற குறிப்பும் இருக்கும். அச்சொற்களில் பொய் ஒன்றும் இல்லை. மனைவி மக்களிடத்தில் மாறாத அன்பு பூண்டு, சம்பளத்தின் ஒவ்வொரு ரூபாயையும் கணக்குப் பார்த்துச் செலவிட்டு, தம்பி தங்கைகளைக் கரையேற்றி, பேரக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து முடிந்த வாழ்வு அது. அந்த வாழ்வை அருகிலிருந்து கண்டவர்கள் துக்கத்தில் எழுதிய சொற்கள் அவை. ஆயினும் முப்பது முப்பத்தைந்து வருஷம் அவர் எந்த ஏரியின் மதகைக் கட்டினார், எந்தப் பாலத்துக்கு அஸ்திவாரம் பார்த்தார், எந்தக் கரை உடையாமல் எந்த மழையில் காத்தார் என்று அந்த மலரில் ஒரு வரியும் இராது. சில தினங்களில் சுவரொட்டி கிழிந்துபோகும். ஒரு தலைமுறையில் மலரும் மறைந்துபோகும். மதகு மட்டும் நிற்கும், அதைக் கட்டியவர் யாரென்று சொல்ல ஆளின்றி.

அத்தகைய மனிதரை அவர் செய்த காரியங்களால் நினைவுகூர வேண்டும் என்பதும், அக்காரியங்களின் விவரத்தை எழுதிவைப்பது குடும்பத்தின் கடமையும் ஊரின் கடமையும் ஆகும் என்பதும், அவருடைய குடும்பப் பற்றையும் தொழிற் பற்றையும் இரண்டு வெவ்வேறு அத்தியாயங்களாகப் பிரித்து எழுதுவது பிழை என்பதுமே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது.

கட்டியவரை மறப்பது நம் காலத்தில் தோன்றிய வழக்கமன்று. செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் வழிப்பக்கத்திலுள்ள மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் விசித்திரசித்தன் என்ற விருதுப் பெயருடைய தான் மும்மூர்த்திகளுக்கும் கோயில் எடுத்த செய்தியைப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் வடமொழிச் சாசனம் பெருமிதத்தோடு பேசுகிறது. கற்பாறையைக் குடைந்து கோயிலாக்குவது அந்நாளில் இப்பகுதிக்குப் புதிய முயற்சி. எந்தப் பாறையில் வெடிப்பு ஓடுகிறது, எந்த அளவுக்குத் தூணைப் பருமனாக விட்டால் மேற்பாறையைத் தாங்கும், எங்கே உளி வைத்தால் பொளியும் என்றெல்லாம் நிர்ணயித்த ஒரு மனிதர் கட்டாயம் இருந்திருப்பார். மன்னனுடைய விருதுப் பெயரை அறிவோம். அந்த மனிதருடைய பெயரை அறியோம். சிங்கவரத்துக் குன்றின்மேல் ஒரே பாறையில் ஒன்றியதாக இருபது அடிக்கு மேற்பட்ட நீளத்தில் பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதப் பெருமாளின் திருமேனியைச் சேவிக்கும்போதும் இந்த எண்ணமே எழுகிறது. பெருமாளின் தலைமுதல் திருவடிவரை ஓர் அங்குலமும் பிசகாமல், தவறினால் திரும்பச் செதுக்க இயலாத கல்லில் வடித்து முடித்தவரை, அவருடைய மனைவி மக்களேனும் ஒரு தலைமுறைக்காவது பெயர்சொல்லி நினைத்திருப்பார்கள் என்று நம்பிக்கொள்வதைத் தவிர நமக்கு வேறு ஆறுதல் இல்லை.

செஞ்சிக் கோட்டையின் கதையும் இதுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த அக்கோட்டையை, 1677இல் சிவாஜி கைப்பற்றியதையும், அவருடைய குமாரர் ராஜாராமை முற்றுகையிட்ட மொகலாயப் படை 1698இல் அதைப் பிடித்ததையும், 1714இல் தேசிங்கு ராஜன் ஆர்க்காட்டு நவாப்பின் சேனையோடு பொருது இளம் வயதில் மாண்டதையும், 1750இல் பிரெஞ்சுக்காரர் ஓர் இரவில் ஏறிப் பிடித்ததையும் சரித்திரம் வருஷவாரியாகச் சொல்கிறது. ஆனால் அத்தனை முற்றுகைகளிலும் உள்ளே இருந்த ஆயிரக்கணக்கானோர் என்ன குடித்து உயிர் வாழ்ந்தார்கள்? மலையுச்சியில் வற்றாத சுனைகளைக் காத்ததும், சக்கரக்குளம், செட்டிக்குளம் முதலிய நீர்நிலைகளை அமைத்ததும், அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் கல்யாண மகாலின் மேல்தளங்களுக்கு மண்குழாய்களில் தண்ணீர் ஏற்றியதாகச் சொல்லப்படும் அமைப்பும், எந்தப் படைத்தலைவனுடைய வீரத்துக்கும் குறைந்தவை அல்ல. 2025ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அப்பட்டியலில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. இனி வெளிதேசங்களிலிருந்து வருவோரும் இங்கே அரசர்களின் பெயர்களையே படிப்பார்கள்.

பழங்காலத்தைச் சொல்லி வருந்துவதில் பயனில்லை என்பாரும் உண்டு. அவர்களுக்கு, கண்முன் நிற்கும் வீடூர் அணையைக் காட்டலாம். செஞ்சிப் பகுதியின் குன்றுகளில் பிறந்து, வராகநதி என்றும் செஞ்சியாறு என்றும் சங்கராபரணி என்றும் பெயர் பூண்டு, புதுச்சேரி மண்ணைக் கடந்து கடலைச் சேரும் ஆற்றில், தொண்டியாறு வந்து கூடும் நீரையும் தேக்குவதற்காக 1950களின் இறுதியில் கட்டப்பட்ட அணை அது. 32 அடி நீர்மட்டமும், சுமார் 3,200 ஏக்கர் பாசனமும் உடைய அவ்வணையின் தண்ணீர் தமிழ்நாட்டில் 2,200 ஏக்கருக்கும் புதுச்சேரியில் 1,000 ஏக்கருக்கும் பாய்கிறது. இது பல்லவர் காலத்துச் செய்தியன்று. அதன் கரைக்கு மண் சுமந்தவர்களுள் சிலருடைய பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கக் கூடும். எனினும் அணையைத் திட்டமிட்ட என்ஜினீயர் யார், வெயிலில் லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்த ஓவர்சீயர்கள் யார் என்று அணையடியில் பயிரிடும் விவசாயியைக் கேட்டால் விடை வராது. திறந்து வைத்தவர் பெயரைக் கல்லில் பொறிப்பதும் கட்டியவர் பெயரைக் காகிதத்தோடு விடுவதும் நம் பொதுவாழ்வின் வழக்கமாகிவிட்டது.

இம்மறதியால் நேரும் நஷ்டம் நன்றிகெட்டதனம் ஒன்றோடு முடிந்துவிடுவதில்லை. அதில் லௌகிகமான, கணக்கிடத்தக்க நஷ்டமும் உண்டு. மண்கரை எதுவாயினும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கரையின் அடியில் வெளிப்படும் அக்கசிவு நீர் தெளிந்திருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. கலங்கி வந்தாலோ கரையின் உள்மண் அரிக்கப்பட்டு நீரோடு வெளியேறுகிறதென்று பொருள். கவனியாது விட்டால் அந்த அரிப்பு உள்ளே குழாய்போல் நீண்டு கரையையே விழுங்கிவிடும். இது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் இன்ன ஏரியின் இன்ன வளைவில், இத்தனை அடி நீர் ஏறிய பிறகே கசிவு தோன்றும், அது இத்தனை வருஷமாகத் தெளிவாகவே வருகிறது, இன்ன வருஷத்து மழையில் மட்டும் ஓர் இரவு கலங்கிற்று, அப்போது மணல் மூட்டையும் சரளையும் இன்ன இடத்தில் போட்டு நிறுத்தினோம் என்ற அறிவு எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது. எம்.புக் எனப்படும் அளவுப் பதிவேட்டில் எத்தனை கன அடி மண் போட்டார்கள், எவ்வளவு ரூபாய் கொடுத்தார்கள் என்பது இருக்கும். ஏன் போட்டார்கள், அந்த இரவில் எதைக் கண்டு பயந்தார்கள் என்பது இராது. அது அங்கே பணியாற்றிய மனிதரின் நெஞ்சில் இருக்கிறது. அவர் ஓய்வு பெறும்போது அது அலுவலகத்தை விட்டுப் போகிறது. அவர் இறக்கும்போது உலகத்தை விட்டே போகிறது. அடுத்து வரும் இளைஞர் அதே கசிவை முதன்முறையாகக் கண்டு, அதே பயத்தை முதலிலிருந்து கற்கிறார்.

கடப்பை ஜில்லாவிலுள்ள போருமாமில்லா ஏரியின் 1369ஆம் வருஷத்துச் சாசனம், நல்ல ஏரிக்குரிய பன்னிரண்டு அங்கங்களைக் கூறும்போது, நீரும் நிலமும் கல்லும் ஆகியவற்றோடு, நீர் நூல் கற்ற ஒருவரையும் ஓர் அங்கமாகவே எண்ணுகிறது. அறிவுடைய மனிதரை ஏரியின் உறுப்பாகக் கருதிய அந்த நோக்கு எத்தனை ஆழமானது! மதகு பழுதானால் ஏரிக்குக் குறை. அதை அறிந்தவரின் அறிவு அழிந்தாலும் அதே அளவு குறைதான்.

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டத்தக்க ஒரு வாழ்வு, கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத் தமிழர்களிடையே இருந்தது. 1905இல் பிறந்து 2000ஆம் வருஷத்தில் மறைந்த சண்முகம் ஆறுமுகம், இலங்கை நீர்ப்பாசன இலாகாவில் உயர்ந்த உத்தியோகம் வகித்த என்ஜினீயர். யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் ஆறே இல்லை; சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தங்கும் மழைநீரைக் கிணறுகளில் இறைத்தே மக்கள் பயிர் செய்தும் குடித்தும் வந்தார்கள்; அதிகம் இறைத்தால் கிணறு உவர்க்கும். வன்னிப் பக்கத்து மழைவெள்ளமோ கனகராயன் ஆறு முதலிய வழிகளில் ஆனையிறவுக் கடல்நீரேரியில் விழுந்து வீணே உப்பாகிறது. ஆனையிறவில் கடல்நீர் புகாதபடி தடுத்து, அங்கே சேரும் நன்னீரை முள்ளியான் பக்கமாக வெட்டும் ஒரு கால்வாயால் வடமராட்சி நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகளால் காத்து, கிணறுகளின் ஊற்றைப் பெருக்கலாம் என்று 1950களில் அவர் வகுத்த திட்டம் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று பெயர் பெற்றது. தடுப்பணைகள் எழுந்தன, ஆனையிறவு வேலையும் கால்வாயும் முற்றுப்பெறவில்லை, பின்னர் நாடு கண்ட துன்பங்களில் எல்லாமே பின்தங்கின. ஆயினும் இன்றளவும் யாழ்ப்பாணத்துத் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி யார் பேசப் புகுந்தாலும் ஆறுமுகம் திட்டத்தைப் பிரஸ்தாபிக்காமல் மேலே போக முடிவதில்லை. அதற்குக் காரணம் அவர் அதை எழுத்தில் வைத்துவிட்டுப் போனதே. இலங்கையின் நீர்வளம் முழுவதையும் ஆறு ஆறாக, குளம் குளமாக விவரித்து 1969இல் அவர் வெளியிட்ட பெரிய நூல், அவருடைய காலத்து அறிவைப் பின்வருவோர் கையில் சேர்த்தது.

அதைவிட என் மனத்தைக் கவர்வது அவருடைய முதுமை. ஓய்வு பெற்ற பிறகு அவர் இலங்கையின் பழைய இந்துக் கோயில்களைப் பற்றி நூல்கள் எழுதினார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பின், 1997இல், இலங்கைத் தமிழர்களின் வாழ்க்கை வரலாற்று அகராதி ஒன்றை வெளியிட்டார். அணையும் மதகும் கட்டிய கை, தள்ளாத வயதில், மற்றவர்களின் பெயர்களையும் பிறந்த தேதிகளையும் அவர்கள் ஆற்றிய தொண்டையும் ஒவ்வொன்றாகத் தேடிச் சரிபார்த்து அடுக்கியது. வெள்ளத்துக்குக் கரை போடுவதும் மறதிக்குக் கரை போடுவதும் அவருக்கு ஒரே உத்தியோகமாகத் தோன்றியிருக்க வேண்டும். தம்மைப் பற்றி எழுத நாணுகிற என்ஜினீயர்களுக்கு அவருடைய உதாரணம் போதும். தம்மைப் பற்றி எழுதக் கூச்சமாயிருந்தால், தம்மோடு உழைத்தவர்களைப் பற்றி எழுதட்டும்.

இனி குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மராமத்து இலாகா என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் துறையில் வேலை பார்த்தவர் வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: ஐப்பசியும் கார்த்திகையும் அந்த வீட்டுக்குரிய மாதங்களல்ல. ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தீபாவளி கொண்டாடும் தினத்தில், வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். தகப்பனார் ஏதோ ஒரு கரையின் மேல் லாந்தரும் குடையுமாக நிற்பார். புத்தாடை அணிந்த குழந்தைகள் அவர் வந்த பிறகு இனிப்பைத் தின்னலாம் என்று காத்திருந்து தூங்கிப்போவார்கள். சில வருஷங்களுக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வரும்; பள்ளிக்கூடம் மாறும், சிநேகிதர்கள் மாறுவார்கள், குவார்ட்டர்ஸின் கிணற்றுத் தண்ணீர் மாறும்; ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டி, அடுப்பு மூட்டி, புதிய ஊரைத் தன் ஊராக்கியவர் மனைவி. எந்த அணையின் செலவுக் கணக்கிலும் இத்தொகை எழுதப்படவில்லை. ஆகவே அவர் குடும்பத்தை நேசித்ததும் அணையைக் கட்டியதும் தனித்தனிச் செய்திகள் அல்ல. அக்குடும்பமும் சேர்ந்தே அந்த அணையைக் கட்டிற்று. அதன் வரலாறு எழுதப்படும்போது அந்த மனைவியின் பெயரும் இடம்பெற வேண்டும்.

இன்னொரு விதத்திலும் இவை ஒன்றே. பழுது தோன்றிய பின் ஓடுவதைவிடப் பழுது தோன்றுமுன் பார்ப்பது மேல் என்பதே நல்ல என்ஜினீயரின் விரதம். அதுவே நல்ல குடும்பஸ்தரின் விரதமும். மழைக்கு முன் வரத்து வாய்க்காலைத் தூர்வாரச் சொல்கிறவர், மகளின் கல்விக்கு அவள் தொட்டிலில் இருக்கும்போதே பணம் சேர்க்கிறார். இரண்டிலும் பிறர் கைதட்டும் தருணம் ஒன்று வருவதேயில்லை. ஒன்றும் நேராமல் இருப்பதே வெற்றி. ஒன்றும் நேராததை யாரும் கொண்டாடுவதில்லை என்பதனாலேயே நாம் முயன்று கொண்டாட வேண்டியிருக்கிறது.

குடும்பப் பற்றும் தொழிலும் ஒன்றையொன்று எவ்வாறு உருவாக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உன்னத உதாரணம், நாட்டின் முதல் பெண் என்ஜினீயர் எனப் போற்றப்படும் அ. லலிதா. 1919இல் சென்னையில் பிறந்து, அக்கால வழக்கப்படி பதினைந்து வயதில் மணம் முடிக்கப்பெற்று, 1937இல் கைக்குழந்தை ஒன்றோடு விதவையானார். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் மின்னியல் பேராசிரியராக இருந்த தகப்பனார் பப்பு சுப்பாராவ், அதுவரை பெண்களைச் சேர்த்தறியாத அக்கல்லூரியில் மகளுக்காக அனுமதி பெற்றார். 1940இல் சேர்ந்த லலிதா, தமக்குப் பின் சேர்ந்த லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா ஆகிய இருவருக்கும் முன்னோடியாகப் படிப்பை முடித்தார். பட்டப் பத்திரத்தில் ஆண்பாலில் அச்சிட்டிருந்ததை அடித்துப் பெண்பாலாகத் திருத்த வேண்டியிருந்தது. ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி பெற்று, சிம்லாவிலும், பின்னர் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியிலும் வேலை பார்த்தார். பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகளுக்கான பணியிலும் அவருக்குப் பங்கு இருந்தது. சகோதரர் குடும்பத்தின் அரவணைப்பில் குழந்தையை வளர்க்க ஏற்ற ஊரா என்பதையும் பார்த்தே அவர் உத்தியோகத்தைத் தேர்ந்துகொண்டார். 1964இல் நியூயார்க்கில் கூடிய பெண் என்ஜினீயர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்குச் சென்றவர், 1977இல் ஓய்வு பெற்று, இரண்டே வருஷத்தில், அறுபதாம் வயதில் மறைந்தார். இந்த வாழ்வில் எது குடும்பம், எது தொழில் என்று யார் கோடு கிழிக்க முடியும்? மகளுக்காகவே தொழில் தொடங்கிற்று. தொழிலினாலேயே மகள் தலைநிமிர்ந்து வளர்ந்தாள். நெடுங்காலம் மறந்திருந்த அவரை இன்று நாம் அறிவதற்கு, அவர் குடும்பத்தார் காத்து வைத்த நினைவுகளும் காகிதங்களும் பெரிதும் உதவின என்பதை மறக்கலாகாது.

எழுதிவைக்காத இடத்தில் மனிதர் முற்றிலும் மறக்கப்படுவார், அல்லது கதையாகிவிடுவார். 1895இல் பெரியாறு அணையை முடித்துத் தந்த கர்னல் பென்னிகுக்கை, தேனியும் மதுரையும் சுற்றியுள்ள ஜில்லாக்களும் குலதெய்வம்போல் கொண்டாடுகின்றன. பொங்கலன்று அவர் படத்துக்கு மாலையிடுகிறார்கள், குழந்தைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் இருக்கிறது. ஓர் என்ஜினீயருக்கு மக்கள் இப்படி நன்றி செலுத்துவதைக் கண்டு நாம் பூரிக்க வேண்டும். ஆனால் அவர் சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்ற கதையே எங்கும் பேசப்படுகிறது. ஆராய்ச்சியாளர்கள் அதற்கு ஆதாரம் உண்டா என்று ஐயுறுகிறார்கள். காட்டு ஜுரமும் வெள்ளமும் ஆட்களைக் கொண்டுபோன அந்த மலையில், சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கற்பொடியும் கொண்டு, மேற்கே ஓடும் ஆற்றை மலைக்குள் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பிய உண்மையான சாதனை, எந்தக் கதைக்கும் மேற்பட்டது. தேசிங்கு ராஜனுக்கு அம்மானை போதும். என்ஜினீயருக்கு உண்மை விவரமே அழகு.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும். அரசாங்கம் சம்பளம் கொடுத்தது, அவர் வேலை பார்த்தார், அதற்குச் சாசனம் எதற்கு என்பது முதலாவது. சம்பளம் எல்லாருக்கும் ஒன்றுதான். நள்ளிரவு மழையில் கரைக்குப் போனவருக்கும் போகாதவருக்கும் அதே சம்பளம். போனவரைப் பெயர்சொல்லாத சமூகம், போகாதிருப்பதற்கே இளைஞர்களைப் பழக்குகிறது. இத்தகைய வேலை ஒருவரால் ஆனதல்லவே, ஒருவரை மட்டும் புகழ்வது நியாயமா என்பது இரண்டாவது. நியாயமல்ல. ஆகையால்தான் புகழ்ச்சி வேண்டாம், விவரம் வேண்டும் என்கிறேன். விவரம் எழுதப் புகுந்தால், உடன் இருந்த ஓவர்சீயரும், மதகின் திறவுகோலைக் காத்த லஸ்கரும், கல் கட்டிய கொத்தனாரும், மேஸ்திரியும், மண் சுமந்த பெண்களும் தாமே உள்ளே வருவார்கள். தவறுகளும் வரவேண்டும். 1977இல் வெள்ளம் கரைமேல் வழிந்து குடகனாறு அணை உடைந்தது. அத்தகைய விபத்துகளிலிருந்து கற்ற பாடங்கள், வெற்றிகளைவிடப் பின்வருவோருக்கு அதிகம் பயன்படும். தோல்வியைத் தேதியோடு எழுதிவைக்கிற நேர்மை ஒரு குடும்பத்துக்குக் குறையன்று, பெருமையே.

செய்யவேண்டுவது பெரிய காரியமன்று. பதினாறாம் நாள் நினைவு மலர் அச்சிடுகிற குடும்பம், அதில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, இன்ன வருஷம் இன்ன ஊர், இன்ன வேலை, உடன் பணியாற்றியவர் இன்னார் என்று ஒரு பட்டியலைச் சேர்க்கட்டும். அலமாரியில் கிடக்கும் நாட்குறிப்பு, வேலைத்தலப் புகைப்படம், கையால் வரைந்த படங்கள் ஆகியவற்றைப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். செஞ்சி போன்ற ஒவ்வொரு தாலுகா நகரின் பொது நூலகமும் அத்தகைய காகிதங்களை வாங்கி வைக்க ஓர் அலமாரியை ஒதுக்கட்டும். நீர்வளத் துறை, ஓய்வு பெறும் ஒவ்வொரு பொறியாளரிடமிருந்தும், அவர் பார்த்த ஏரிகளின் பலவீனங்களைப் பற்றி அவருடைய சொந்த வார்த்தையில் ஒரு குறிப்பை வாங்கி அந்தந்த ஏரியின் கோப்பில் சேர்க்கட்டும். வீடூர் அணையில், ஆவணங்களைத் தேடி, கட்டியவர்களின் பெயர்களைப் பொறித்த ஒரு கல் நாட்டப்படட்டும். உலகச் சின்னமாகிவிட்ட கோட்டையில், போர்களைச் சொல்லும் பலகைகளோடு, நீர் எங்கே பிறந்து எவ்வழியே எங்கே சென்றதென்று விளக்கும் ஒரு பலகையும் நிற்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இக்காரியத்தை மரணத்துக்குப் பின் என்று ஒத்திப்போடலாகாது. நம் தெருக்களில், காலையில் நடந்துவிட்டு வந்து திண்ணையில் பத்திரிகை படிக்கிற முதியவர்களுள் எத்தனையோ என்ஜினீயர்கள் இருக்கிறார்கள். மக்கள் பெங்களூரிலும் வெளிதேசத்திலும் இருக்க, தொலைபேசியில் உடம்பு எப்படி, மாத்திரை சாப்பிட்டீர்களா என்ற இரண்டு கேள்விகளோடு அவர்களுடைய பேச்சு முடிந்துவிடுகிறது. மூன்றாவதாக, ‘அப்பா, நீங்கள் கட்டியதிலேயே உங்களுக்கு மிகவும் கவலை தந்தது எது?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் பேசத் தொடங்கினால் எளிதில் நிறுத்தமாட்டார். அதை எழுதிக்கொள்ளுங்கள், பேரப்பிள்ளைகளின் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

அப்பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஓய்வு பெற்ற அன்று, அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்து, சாவி, கருவி, பதிவேடு எல்லாவற்றுக்கும் பட்டியலிட்டுக் கையொப்பம் வாங்கியிருப்பீர்கள். உங்கள் அனுபவம் மட்டும் அந்தப் பட்டியலில் சேரவில்லை. அதை எழுதித் தருவதைத் தற்புகழ்ச்சி என்று எண்ணித் தயங்காதீர்கள். இன்னும் பல ஐப்பசி மாதங்கள் வரும், ஏரிகள் நிறையும், உங்கள் பேரன் வயதுள்ள ஓர் இளைஞர் அதே கரைமேல் நின்று, கலங்கி வரும் கசிவைப் பார்த்து, என்ன செய்வதென்று அறியாமல் திகைப்பார். அவருக்கு வேண்டியது உங்களிடம் இருக்கிறது. அதைக் கொடுத்த பிறகே உங்கள் ஒப்படைப்பு முழுமை பெறும். அதை வாங்கிப் பாதுகாத்த பிறகே, உங்களை மதிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் தகுதி எங்களுக்கு உண்டாகும்.